அந்த ராணி பார்த்தாளா?

எகிப்து பாடம் எடுக்கும் வாரத்தில் என் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சரித்திர டீச்சர். வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பாடம் வரும். வந்துவிட்டால் சோறு வடிக்கும்போது நைல் நதி, துணி மடிக்கும்போது பிரமிடு என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் பெரிய மார்க்கெட் பக்கம் கைலிக் கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைவான மனிதர். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கல்லறைக் கதைகளையெல்லாம் ரசத்தோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். காதில் வாங்கினாரா இல்லையா என்பது அவருக்கும் படைத்தவனுக்கும்தான் வெளிச்சம்.

என் அம்மாவுக்கு இந்தப் பாடமே ஆகாது. எங்கள் வீடுகளில் எகிப்து ராஜா என்றால் ஒரே ஆள்தான். மூஸா நபியைத் துரத்திக்கொண்டு போய்க் கடலில் மூழ்கின ஃபிர்அவ்ன். ஓதப் போகிற வயதிலேயே அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கப் பழகியிருப்போம். பச்சைக் குழந்தைகளைக் கொன்ற பாவியைப் போய்க் கொண்டாடுகிறாயே, உனக்கு வேறு பாடமே கிடைக்கவில்லையா என்று அம்மா கேட்பார். ஃபிர்அவ்ன் என்பது ஒரு ஆளில்லை அம்மா, அது பட்டம், மூவாயிரம் வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து போனார்கள், அதில் ஒரு பொம்பளைகூட ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஆண்டிருக்கிறாள் என்று நான் விளக்குவேன். தாடி வேறா என்று தலையில் அடித்துக்கொண்டு தொழுகப் போய்விடுவார்.

எனக்கு அவர்களைப் பிடிக்கக் காரணம் பிரமிடு இல்லை. செத்தவர்களை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை பாருங்கள், அதுதான் காரணம். ரொட்டி, செருப்பு, விசிறி, கட்டில் என்று ஒரு வீட்டையே கூட அனுப்பினார்கள். ஒரு உடலைத் தயார் செய்ய எழுபது நாள் எடுத்துக்கொண்டார்கள். எழுபது நாள்! அந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிடுவேன். தண்ணீர் குடித்துவிட்டு மேலே போவேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு முதலில் பிறந்தது ஒரு பெண் குழந்தை. எட்டாம் மாசம், திடீரென்று அசைவு நின்றுபோய், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அழவில்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். எங்கள் ஆட்களில் மையத்தை, இறந்த உடலை, காக்க வைக்கிற வழக்கமில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடக்கம் செய்துவிட வேண்டும். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போகிறதும் இல்லை. இவரும் என் மாமனாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் கண் திறந்தபோது ஜன்னலில் மஞ்சள் வெயில். குழந்தை எங்கே என்று கேட்டேன்.

நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. கறுப்பா சிவப்பா, மூக்கு யாருடையது, ஒன்றும் தெரியாது. பார்க்காததும் ஒரு வகையில் நல்லதுதான், பார்த்தால் மறக்க முடியாது என்றார்கள் வந்த பெண்கள். நாளைக்குச் சொர்க்கத்து வாசலில் நின்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்றார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அங்கே ஆயிரம் பிள்ளைகள் நிற்பார்களே, இவள்தான் என் பிள்ளை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்க நினைத்தேன். அன்றைக்குக் கேட்க வாயில் தெம்பில்லை.

பிறகு ஒரு மகன் பிறந்தான். வளர்ந்தான், இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். நடுவில் எத்தனையோ தடவை இவரிடம் கேட்டுவிட்டேன். எங்கே வைத்தீர்கள், எப்படி இருந்தாள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. ஒவ்வொரு தடவையும் "மறந்துடும்மா" என்று ஒரே சொல். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கல் நெஞ்சுக்காரர் என்று முடிவு கட்டினேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. நன்றாகவே வைதிருக்கிறேன். அதையும் கேட்டுக்கொண்டுதான் சட்டையை மாட்டுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பாடம் நடத்த மனமில்லாமல் திரையில் ஒரு வீடியோவைப் போட்டேன். தங்க முகமூடிக்குப் பேர்போன அந்தச் சின்ன ராஜாவைப் பற்றியது. அவன் பெயர் நீளம், சொன்னாலே வகுப்பு சிரிக்கும். எங்களுக்கு அவன் சின்ன ராஜாதான். ஒன்பது வயதுவாக்கில் அரியணை ஏறி, இருபதைத் தொடுவதற்குள் செத்துப்போனவன். தேர், சிம்மாசனம், தங்கப் பெட்டிக்குள் தங்கப் பெட்டி எல்லாம் வந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், நான் ரிஜிஸ்டரில் ஆஜர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதுவரைக்கும் நான் படிக்காத ஒன்று வந்தது. அந்தக் கல்லறையின் உள்ளறையில் ஒரு சாதாரண மரப்பெட்டி. அதற்குள் இரண்டு குட்டிச் சவப்பெட்டிகள். மாசம் நிறையாமல், உயிரில்லாமல் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். சின்ன ராஜாவின் பிள்ளைகள். பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரியே துணி சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, அப்பனோடு சேர்த்து அடக்கம் செய்திருக்கிறார்கள். மூச்சே விடாத பிள்ளைகளுக்கு.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண், எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறவள், கையைத் தூக்கினாள்.

"மிஸ், அந்த ராணி அவங்களப் பாத்தாங்களா?"

எந்த ராணி என்றேன், தெரியாதவள் மாதிரி. பாப்பாங்களோட அம்மா என்றாள். பார்த்திருக்க மாட்டாள் என்று சொல்வதா, பார்த்திருப்பாள் என்று சொல்வதா? எழுபது நாள் மண்ணுக்கு மேலே இருந்திருக்கும்போது எந்த அம்மாதான் பார்க்காமல் இருப்பாள்? அப்படி நினைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த ஒருத்தி மேல் பொறாமை. யாரும் எழுதி வைக்கவில்லை கண்ணு என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் நைல் நதி வரைபடம் வரையச் சொன்னேன்.

மணி அடித்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நனைந்துகொண்டே ஸ்கூட்டரை நேராகப் பெரிய மார்க்கெட்டுக்கு விட்டேன். நான் கடைக்குப் போவதே அபூர்வம். பெருநாள் வியாபாரத்துக்குக்கூடப் போகிறதில்லை. மழையில் வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. இவர் கைலிக் கட்டுகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றார்.

அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க என்றேன். பிறகு வீடியோவில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, மூச்சு விடாத பிள்ளைகளை ஒரு ராஜா தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறான், நீங்கள் நான் கண் முழிக்கிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, எழுபது நாள் வேண்டுமென்றா கேட்டேன், ஒரு சாயங்காலம் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "அவள எங்க வெச்சீங்கன்னு இன்னிக்குச் சொல்லாம நான் போமாட்டேன்."

இவர் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பட்டப்பகலில் ஷட்டர் இறங்குவதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், யாரோ மவுத் ஆகிவிட்டார்கள், சாவு வீடு என்று நினைத்திருப்பார். இவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருந்தார், மாட்டிக்கொண்டு போக வேறு சட்டை இல்லை.

"எடத்தக் காட்டுன்னா எதம்மா காட்டுவேன்? எனக்கே தெரியலயே" என்றார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைமாட்டில் ஒரு கல் வைத்து, ஒரு பச்சைக் கிளையும் நட்டுவிட்டு வந்தாராம். ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போய் நின்று துஆ செய்துவிட்டு வருவாராம். எனக்குத் தெரியவே தெரியாது. பிறகு ஒரு வருஷம் பெருமழை. மையவாடியில் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு லாரி லாரியாக மண் கொட்டி அந்தப் பக்கத்தையே மேடாக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். இவர் போய்ப் பார்த்தபோது கல்லுமில்லை, கிளையுமில்லை, ஒரே சமதரை. மண்டி போட்டுக் கையால் தோண்டிப் பார்த்திருக்கிறார். யாரோ பார்க்கிறார்கள் என்று எழுந்து வந்துவிட்டாராம்.

"பெத்தவன், புள்ளைய வெச்ச எடத்தத் தொலச்சிட்டேன். உங்கிட்ட வந்து எப்பிடிச் சொல்றது?"

அவர் மேல் எனக்கு இருந்த அத்தனை கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை. மறந்துடு மறந்துடு என்று இந்த மனிதர் என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். கைலிக் கட்டைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்தது பாடம் மட்டும்தான். அதைச் சொன்னேன்.

அந்த ராஜாக்களின் கல்லறைகளில் முக்கால்வாசியைக் கொள்ளைக்காரர்கள் உடைத்துத் துடைத்துவிட்டார்கள். ராஜாக்களின் உடல்களையே இடம் மாற்றி இடம் மாற்றி ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. இந்தச் சின்ன ராஜா மட்டும் தன் இடத்திலேயே தங்கினான். காரணம், பின்னால் வந்த ஒரு ராஜா தனக்கென்று அதற்குப் பக்கத்திலேயே மேட்டில் கல்லறை வெட்டினான். வெட்டின கல்லையும் மண்ணையும் கீழே கொட்டினார்கள். சின்ன ராஜாவின் வாசல் அதற்கடியில் போய்விட்டது. அதன் மேல் வேலையாட்கள் குடிசைகூடப் போட்டார்கள். கீழே ஒருத்தன் இருக்கிறான் என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

"மண்ணு கொட்டுனதாலதாங்க அவங்க தப்பிச்சாங்க" என்றேன். "ரெண்டு பொண்ணுங்களும் அப்பனோட பத்திரமா இருந்தாங்க. எடம் தொலையலீங்க. மூடிக்கிட்டு இருக்குது, அவ்ளோதான்."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நெசமாவா?"

"பாடத்துல யாராவது பொய் சொல்லுவாங்களா?"

கைலி ஒன்றை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். விற்கிற சரக்கு, வேறு நாளாக இருந்தால் என்னைத் தொடவே விடமாட்டார்.

பிறகு வா போகலாம் என்று அவரேதான் சொன்னார். நான் ஸ்கூட்டரை ஓட்ட, அவர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவந்தார். குடை எனக்கும் உதவவில்லை, அவருக்கும் உதவவில்லை. மையவாடி வாசலில் வண்டியை நிறுத்தியதும் எனக்குக் கால் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தாண்டாத வாசல். உள்ளே கிளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த காவல்காரர் எங்களைப் பார்த்தார். இவர் அவரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நான் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு வேப்ப மரத்திலிருந்து சுவர் வரைக்கும் கையைக் காட்டி, இதுக்குள்ளதான் என்றார். புல் முளைத்த ஈர மேடு. சின்னதும் பெரியதுமாக எத்தனையோ கபுர் மேடுகள். எல்லோருக்கும் சேர்த்து ஸலாம் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றேன். குளிர்ந்திருந்தது.

"எப்பிடி இருந்தா?" என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் எங்கேயும் போகவில்லை.

தலை நிறைய முடி என்றார். நெற்றி வரைக்கும் இறங்கியிருந்ததாம். மாநிறம். காது அப்படியே என்னுடைய காதாம், மேல் மடிப்பு கொஞ்சம் மடங்கி. கண் மூடியிருந்தது, அதனால் கண்ணைச் சொல்லத் தெரியவில்லை என்றார். கடையிலிருந்து வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, இவர்தான் அளந்து கிழித்தாராம். குளிப்பாட்டியதும் இவர்தானாம்.

"பச்சத்தண்ணிதான் இருந்துது. எங்க அத்தா போதும்டான்னாரு. எனக்கு மனசு ஒப்பல. வெந்நி வெச்சு எடுத்துனு வந்து, சூடு ஜாஸ்தியா இருக்கப்போவுதுன்னு முழங்கைய உட்டுப் பாத்துட்டுதான் ஊத்துனேன்."

முழங்கையை மடக்கி அந்த மழையில் எனக்குக் காட்டினார்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். முடியிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் சொன்னார்.