மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலி

வீட்டைப் பூட்டியதும் தபால் சார் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டுக் கதவிடுக்கில் ஒட்டுவார். திரும்பி வரும்போது அது விழுந்திருந்தால் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தலையில் மிஞ்சியிருப்பதே நாற்பது முடி. "அதுவும் தீந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்பார் மனைவி.

தபால் துறையில் இருந்தவர் என்றுதான் தெரு நம்புகிறது. பார்சல் வராதவர்கள் இவரிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். உண்மையில் உளவுத்துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். வாசலுக்கு முதுகைக் காட்டி இவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்திலும் சுவரோரம்தான்.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மாப்பிள்ளை ஊருக்குள் இருக்கிறானாம். ரகசியக் கோப்புகளைக் களவாடி, இரண்டு முறை இவர் கையிலிருந்து நழுவிய எதிரி நாட்டு ஒற்றன் அவன். 'மாப்பிள்ளை' என்பது இஸ்திரி கலையாத சட்டைக்காகத் துறை வைத்த பெயர். அவன் முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடிருப்பது இவர் மட்டும். அந்தத் தோல்வி இவருக்கு இன்னும் தொண்டையில் சிக்கிய முள். மறுநாளே கிளம்பிவிட்டார்.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடக்கூட நீங்க இவ்வளவு அலையல," என்றார் மனைவி.

அவர் அலையவே இல்லை. அவன் இருப்பதாகச் சந்தேகப்பட்ட தெருவில் டீக்கடை ஒன்றுதான். அதில் சுவரில் முதுகு சாய்த்து வாசலைப் பார்க்கும் நாற்காலியும் ஒன்றுதான். தொழில் தெரிந்தவன் வேறெதிலும் உட்கார மாட்டான். அதைக் காலியாக விட்டு, எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டி ஆறு நாள் உட்கார்ந்தார். யார் நுழைந்தாலும் பிடரி கூசியது. எவ்வளவு சர்க்கரை போட்டாலும் டீ இறங்கவில்லை.

ஏழாம் நாள் கைத்தடியோடு ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதே முகம். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. தபால் சார் செய்தித்தாளை நான்காக மடித்தார். வெளியே வேனில் காத்திருந்த பழைய அலுவலக ஆட்களுக்கு அதுதான் சைகை.

எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். "இன்னமும் நாலா மடிக்கிறதுதானா? மாத்தவே இல்லையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதப் பாத்துத்தானே ரெண்டு தடவையும் ஓடினேன்! இப்ப முட்டி விடல." கைத்தடியைத் தட்டிக் காட்டினார். "வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எப்படித்தான் டீ குடிக்கிறீங்களோ, பாவம். இப்படி வாங்க."

தபால் சாருக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும். தன் நாற்காலியைத் தூக்கிப் போய் அவர் பக்கத்தில் போட்டார். சுவரில் முதுகு பட்ட பிறகுதான் டீ இறங்கியது.

வேன் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் கிளாஸில் இன்னும் பாதி டீ இருந்தது. தபால் சார் உள்ளங்கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார்.