விரல் போன பிறகு வந்த வலி

மறையூரில் எங்கள் கரும்பாலையில் சக்கை சிக்கிக்கொண்டது. அதை இழுத்துவிடப் போனதில், என் வலது ஆள்காட்டி விரலில் பாதி உருளைகளுக்குள் போய்விட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டினார்கள். புண் ஆறியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், கை தப்பியதே பெரிது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வலி அதற்குப் பிறகுதான் வந்தது. மிச்சமிருந்த விரலின் நுனியில், மிளகளவு இடம். சேலைத் தலைப்பு உரசினால் போதும். ஷாக் அடித்ததுபோல முழங்கை வரை இழுக்கும். இல்லாத நகம் எரியும். மாவு பிசைவதை விட்டேன். இடது கையால் தலை வாரப் பழகினேன். என் மகள் ஓடிவந்து கையைப் பிடிக்கும் வயதில் இருந்தாள். அவள் வருவது தெரிந்தாலே வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வேன்.

என் கணவர் முதலில் தைலம் வாங்கி வந்தார். பிறகு பொறுமை போய்விட்டது.

"ஆறின புண்ணு எப்படிப் புள்ள வலிக்கும்? நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்க."

"நெனச்சாத்தான் வலிக்குதுன்னா, தூக்கத்துல எதுக்குக் கத்துறேன்?"

நாள் போகப் போக எனக்கே சந்தேகம் வந்தது. புத்திதான் பிசகிவிட்டதோ என்ற பயம் வலியைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒருநாள் இருவரும் மூணாறு பஸ்ஸில் போனோம். ஒரு வளைவில், நின்றிருந்தவரின் பை என் கையில் இடித்தது. அப்படியே மயங்கி விழுந்தேன். கண்டக்டர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் தெளித்தார். என் முகத்தை அன்றைக்குத்தான் என் கணவர் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அடுத்த வாரமே கோட்டயத்தில் கை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் மலையாளி அம்மா. தமிழ் கொஞ்சம் வந்தது; நரம்பை ஞரம்பு என்பார். பேனா முனையால் அந்த இடத்தை லேசாகத் தட்டினார். அலறிவிட்டேன்.

"இப்ப ஒரு ஊசி போடுறேன். அந்த ஞரம்பு மட்டும் மரத்துப்போகும். வலி நின்னா, காரணம் அங்கதான். உங்க மனசுல இல்ல."

சற்று நேரம் கழித்து விரலை மேசையில் வைத்தேன். அழுத்தினேன். ஒன்றும் இல்லை. கையால் மேசையை ஓங்கித் தட்டினேன். என் கணவர் பதறி, "ஏய், மெதுவா!" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் முதுகு காட்டி நின்றார்.

அவர் திரும்பி வந்ததும் டாக்டர் விளக்கினார். வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி வளரப் பார்க்குமாம். போய்ச் சேர இடம் இல்லாததால் நுனியிலேயே சுருண்டு முடிச்சாகிவிடுமாம். அந்த முடிச்சை வெட்டி, நரம்பின் முனையை உள்ளங்கைச் சதைக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

"மொதல்லயே இப்படிச் செஞ்சிருந்தா?" என் கணவரின் குரல் இறங்கியிருந்தது.

"வலி வராம இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. இப்பவும் திரும்பி வராதுன்னு வாக்குத் தர முடியாது. அந்தப் பக்கம் தொட்டா உணர்ச்சியும் இருக்காது."

"மறுபடியும் கத்தியா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"வைக்கட்டும்," என்றேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் வலித்தது. ஆனால் அது சாதாரணப் புண்ணின் வலி, நாளுக்கு நாள் குறையும் வலி. தையல் பிரித்தபின், தொட்டால் கூசாமல் பழக, விரலைப் பஞ்சால் தேய்க்கச் சொன்னார்கள், பிறகு துண்டால், பிறகு அரிசிக்குள் விட்டு அளையச் சொன்னார்கள். பயத்தில் விரலைப் பாதியிலேயே இழுத்துக்கொள்வேன். கணவர் அரிசிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். முன்பு சொன்னதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசுவார் என்று காத்திருந்து, நானும் விட்டுவிட்டேன்.

இப்போது மாவு பிசைகிறேன். விரலின் ஒரு பக்கம் மரக்கட்டைபோல இருக்கிறது. பனிக்காலத்தில் ஏதோ விறுவிறுவென்று ஏறும். முடிச்சு திரும்பி வருகிறதோ என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். அவர் அதைக் கவனித்துவிடுவார்.

"வலிக்குதா?"

"தெரியல," என்பேன். அவர் மறுபேச்சு இல்லாமல், ஒத்தடம் கொடுக்க அடுப்பில் வெந்நீர் வைப்பார்.