கலங்கல்மேல் என் பங்கு

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் கீழே போகாது, மேலே வரும். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை. ஏரி பார்த்த வீடு என்று மாடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிற சொந்தக்காரர்கள் கார்த்திகையில் ஒரே ஒரு நாள் வந்து தங்கிப் பார்க்கட்டும்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஏரிக்கரைக்குக் கீழே எனக்கு ஒரு ஏக்கர் நஞ்சை உண்டு. குடியிருந்தது அண்ணனோடு கூட்டாக, ஊருக்குள். அந்த வீட்டில் இருபது வருஷம் ஒரே அறையில் குடித்தனம் பண்ணிய என் மனைவி, தனியாக ஒரு வீடு, அதில் தனக்கென்று ஒரு பாத்ரூம் வேண்டும் என்றாள். என்னிடம் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். ஏரிக்கு எதிர்ப்பக்கம், மழைத்தண்ணீர் வந்து சேர்கிற உள்வாயை ஒட்டி ஒரு மனை விலைக்கு வந்தது. பட்டா நிலம், வில்லங்கம் ஏதும் இல்லை. புரோக்கர் ஒரு பனைமரத்தைக் காட்டி, "ஏரி ரொம்பினாலும் தண்ணி அந்த மரத்தத் தாண்டாது சார்" என்றான். வைகாசியில் கிரகப்பிரவேசம் செய்தோம். அப்போது ஏரிக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

அவன் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் எரிச்சல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையின் தாழ்ந்த கல்சுவரான கலங்கல் வழியாக வழிந்து ஓடிவிடும், ஏரி பனைமரத்தோடு நின்றுவிடும். ஆனால் எங்கள் ஊரில் விஷயம் அதோடு முடியாது. ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற எல்லாரும் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குவோம். ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நின்றால் கோடையில் இன்னொரு போகம் நெல் வைக்கலாம். ஏக்கருக்கு நாலு மணல் மூட்டை, அவரவர் பங்கு. மூட்டை போடாதவன் வயலுக்குத் தண்ணீர் முறை கடைசியில்தான் வரும். மீசை முளைத்த நாளிலிருந்து நானும் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டுக் கரையில் நின்று பெருமையாகப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு அடித் தண்ணீர் எதிர்ப்பக்கம் எதுவரைக்கும் போகிறது என்று ஒரு வருஷமாவது யோசித்தேனா? அங்கே இருந்தது வெறும் முள்ளுக்காடு. அஸ்திவாரம் தோண்டும்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? முண்டம், முண்டம்.

போன வருஷம், புது வீட்டில் முதல் மழைக்காலத்தில், ஊரோடு சேர்ந்து நானும் மூட்டை அடுக்கிவிட்டு வந்தேன். நாலாம் நாள் தண்ணீர் பனைமரத்தைத் தாண்டியது. வீட்டுக்குள் வரவில்லை, வீட்டுக்கு அடியில் வந்தது. சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறி பெயின்ட் உரிந்தது. கதவுகள் உப்பிக்கொண்டு மூட மறுத்தன. செப்டிக் டேங்க் நிரம்பி, லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சினால், மறுநாள் காலையில் மறுபடி நிரம்பிக் கிடந்தது. லாரிக்காரர் கையை விரித்துவிட்டார். "உள்ள கீறதும் ஏரித் தண்ணி, வெளிய கீறதும் ஏரித் தண்ணி. நான் இன்னா பண்றது?" அன்றிலிருந்து தை பிறக்கும்வரை என் மனைவி பாத்ரூம் போக ஒரு கிலோமீட்டர் நடந்தாள், எந்த வீட்டை விட்டு வந்தாளோ அதே வீட்டுக்கு.

இந்த வருஷம் ஏரி நிரம்பியதும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன். மூட்டை வேண்டாம், என் வீடு பாழாகிறது என்று கத்தினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. பக்கத்து வயல்காரர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"உன் ஒரு வூட்டுக்காக ஊர் வயலெல்லாம் காயணுமாப்பா? போன வருசம் வரிக்கும் நீயும்தான மூட்ட போட்டுக்கினு இருந்த?"

அந்த முள்ளுக்காட்டில் அப்போது யாராவது குடியிருந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். என் பங்கு மூட்டையைத் தரமாட்டேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடமும் சொன்னேன். அந்த ஒரு ஏக்கரை விட்டால் எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது. முறை கடைசிக்குப் போனால் கதிர் பால் பிடிப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும்.

மறுநாள் காலை கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வீடு கட்டி மீந்த மணல் காம்பவுண்ட் ஓரம் குவிந்து கிடந்தது. அவள் அதை யூரியா சாக்குகளில் அள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று சாக்கு நிரம்பியிருந்தது.

"இன்னா பண்ற நீ?"

"நாலாவது சாக்க வந்து புடிங்க" என்றாள், நிமிராமல்.

பிடித்தேன். மணலோடு ஒரு டைல்ஸ் துண்டும் வந்தது. பாத்ரூமுக்கென்று அவள் காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிய நீல டைல்ஸ். அதையும் உள்ளே தள்ளி வாயைக் கட்டினாள்.

நாலு மூட்டையையும் ஒவ்வொன்றாக மொபெட்டில் கொண்டுபோய் என் கையாலேயே கலங்கல்மேல் அடுக்கினேன். திரும்பி வந்தபோது தண்ணீர் இன்னும் பனைமரத்தைத் தாண்டவில்லை. அதற்குள் அவள் ஒரு வாளியில் சோப்பு, துண்டு, மாற்றுப்புடவை எல்லாம் எடுத்துவைத்து, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.