எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சூடு

ஐம்பது வயதில் கன்னத்தில் ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். ஆமாம், ஆசைதான். போன துர்கா பூஜைக்கு, இந்த ஊர்ப் பேச்சில் பூஜோவுக்கு, வந்திருந்த நாத்தனார் எல்லார் முன்னாலும் "என்ன அண்ணி, மூஞ்சி இப்படி ஒட்டிப்போச்சு" என்று கேட்டது இன்னும் ஆறவில்லை. டாலிகஞ்சிலிருந்து நியூ டவுன் போகும் வழியெல்லாம் வாடகைக் காரில் கண்ணாடி பார்த்துக்கொண்டே போனேன்.

கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் என்னையும் என் கணவரையும் உட்காரவைத்து இரண்டு பெட்டிகளைக் காட்டினாள். முதல் பெட்டியில் இருந்தது ஒட்டிய கன்னத்தை உப்பவைக்கிற ஒரு ஜெல். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். மற்றது அதைவிட நாள்படத் தாங்கும். ஆனால் உள்ளே போனால் போனதுதான், கரைக்க மருந்து கிடையாது. "இதையே எடுத்துக்கோங்க ஆன்ட்டி, பூஜோ ஆஃபர் இருக்கு" என்று இரண்டாவதை என் பக்கம் தள்ளினாள். புடவைக் கடையில்கூட இதைவிட நிதானமாக எடுத்துக் காட்டுவார்கள்.

படிவத்தில் அலர்ஜி உண்டா என்று கேட்டிருந்தது. என் கணவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கொஞ்சம் சூட்டு உடம்பு, அவ்வளவுதான்" என்று தன் அரைகுறை பெங்காலியில் சொன்னார். அவள் 'நோ' என்று எழுதிக்கொண்டாள். யாரைக் கேட்டுச் சொன்னார்? தோல் யாருடையது? வயிற்றெரிச்சல் என்னவென்றால், நானும் மண்டையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் அலர்ஜி என்ற பேச்சே கிடையாது. ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் புண்ணானால் சூடு. தலைக்கு டை போட்டு இமை இரண்டும் வீங்கி மூன்று நாள் லீவு போட்டேனே, அதுவும் சூடு. உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வை, மோர் குடி. பூஜோ முடிகிற தசமியன்று பெண்கள் ஒருவருக்கொருவர் சிந்தூர் என்கிற குங்குமம் பூசுவார்கள்; பக்கத்து ஃபிளாட் பௌதி, நம் பேச்சில் அண்ணி, ஆசையாய் என் கன்னத்தில் பூசிவிட, ராத்திரிவரை எரிந்தது. "வெயில்ல நின்னிருப்ப" என்றார் இந்த மனுஷர்.

உள்ளே நான் மட்டும் போனேன். டாக்டரம்மா ஃபைலைப் பிரிக்கவே இல்லை. என் பொட்டைச் சுற்றி வெளுத்துப்போயிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இது எத்தனை வருஷமா இருக்கு?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இந்தத் தோலுக்குள்ள கரைக்க முடியாததைப் போட்டு, அது வீங்கினா நான் என்ன பண்றது தீதி? முதல்ல எதெது ஒத்துக்கலன்னு டெஸ்ட் பண்ணணும். அப்புறமும் வேணும்னா கரையற ஜெல்தான். பூஜோவுக்குள்ள ஒண்ணும் கிடையாது."

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். காகிதம் கிழிகிற மாதிரி 'நோ'வை அடித்தேன். எழுத ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். பின்பக்கம் திருப்பி எழுதினேன்: பொட்டு, டை, சிந்தூர், கல்யாணத்தன்று பூசிய மஞ்சள்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு இருக்கா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"இருபத்தாறு வருஷமா உங்ககிட்டதான் சொல்லிட்டிருக்கேன்" என்றேன். "நீங்கதான் மோர் குடுத்தீங்க."