ஆபரேஷன் தள்ளிப்போச்சு, கை பிழைச்சுது

போன வருசம் ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், என் வலது கையால ஒரு டம்ளர் தண்ணியைத் தூக்க முடியாமப் போச்சு. தண்ணி மடியில கொட்டிச்சு. டம்ளர் உருண்டு ஓடிச்சு. என் வீட்டுக்காரி எஸ்தர் அதை எடுத்து வச்சிட்டு என் முகத்தைப் பார்த்தா. நான் அழுதேன். நாப்பத்தேழு வயசு ஆம்பள, ஒரு டம்ளருக்காக அழுதேன்.

என் பேரு சாமுவேல். இந்த ராஜபாளையத்துலதான் குடியிருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஹோட்டல்ல புரோட்டா மாஸ்டர். இருபத்திநாலு வருசமா அதே கல்லு முன்னாடி நிக்கேன். இந்தச் சபையில பாதிப் பேரு என் கையால சாப்பிட்டிருப்பீங்க. மீதிப் பேரும் சாப்பிட்டிருப்பீங்க, வீட்டுல சொல்லியிருக்க மாட்டீங்க.

புரோட்டா வேலைக்கு முழங்கைதான் மூலதனம். மாவைப் பிசையணும், அடிக்கணும், வீசணும், சுத்தணும். கல்லுல வெந்ததை அடுக்கி ரெண்டு பக்கமும் தட்டணும். அதுக்குப் பொறவு கொத்து புரோட்டா. ஒரு நாளைக்கு எம்புட்டு வீசுறேன்னு நான் எண்ணினதே இல்ல.

வலி முதல்ல முழங்கைக்கு வெளிப்பக்கம் ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு. தைலம் தேய்ச்சேன். பொறவு மெடிக்கல்ல கேட்டு மாத்திரை போட்டேன். காலையில ஒண்ணு, வேலைக்குப் போகும்போது ஒண்ணு. ஒரு கிளினிக்ல ரெண்டு ஊசி போட்டாங்க. முதல் ஊசி பொங்கலுக்குப் போட்டது, பங்குனி வரைக்கும் தாங்குச்சு. ரெண்டாவது ஊசி மூணு வாரம்கூட நிக்கல. அதுக்கப்புறந்தான் அந்த டம்ளர் விழுந்துச்சு.

மதுரைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தாங்க. அங்க இருந்த டாக்டர் படத்தைப் பார்த்துட்டு, "எலும்போட ஒட்டுற தசைநார் நைஞ்சு போயிருக்கு, கொஞ்சம் கிழிஞ்சும் இருக்கு. ஆபரேஷன் பண்ணிரலாம்" அப்படின்னார்.

"பழையபடி புரோட்டா வீச முடியுமா சார்?"

"பார்ப்போம்."

அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கிட்டுத்தான் பஸ்ல ஊரு வந்து சேர்ந்தேன். எனக்கு வேற தொழில் தெரியாது. கல்லு முன்னாடி நிக்காத சாமுவேல் யாருன்னு எனக்கே தெரியாது.

உண்மையைச் சொல்றேன், அதுவரைக்கும் நான் பெருசா ஜெபம் பண்றவன் இல்ல. எங்க வீட்டுல அந்த வேலை எஸ்தருக்கு. அவளும் பெண்கள் ஐக்கியத்துல இருக்கிறவங்களும் எனக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாங்க. ஊருக்கே புரோட்டா போடுறவனுக்காக இவங்க பட்டினி கிடக்காங்களேன்னு எனக்கு வெக்கமா போச்சு. அன்னைக்குத்தான் அடுப்படியில தனியா முழங்கால் போட்டேன். பெரிய ஜெபம் எல்லாம் வரல. "ஆண்டவரே, கத்தி வேண்டாம். வேற வழி இருந்தாக் காட்டும்." அம்புட்டுத்தான்.

ஒரு வழியும் தெரியல. புரட்டாசியில ஆபரேஷன் தேதி வந்துச்சு. புரட்டாசின்னா எங்க ஹோட்டல்ல கூட்டம் கம்மி, பாதி ஊரு கவிச்சி சாப்பிடாது. அதனால முதலாளி அண்ணாச்சியே லீவு குடுத்து அனுப்பினார். ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. செத்த நேரத்துல ஒரு நர்ஸ் வந்து, "உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப இருக்கு, இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது, குறைச்சுக்கிட்டு வாங்க" அப்படின்னாங்க.

எனக்குச் சர்க்கரை இருக்குன்னே அன்னைக்குத்தான் தெரியும்.

வராண்டாவுல உட்கார்ந்து ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். வாய்விட்டே சொன்னேன். "கையைச் சரி பண்ணும்னு கேட்டேன். நீர் சர்க்கரையையும் சேர்த்துக் குடுத்திட்டீரே!"

எஸ்தருக்குச் சிரிப்பு வந்திருச்சு. "கத்தி வேண்டாம்னுதானங்க கேட்டீங்க? கத்தி வைக்கலையே!"

"ஏட்டி, வாயை மூடு" அப்படின்னேன். திரும்புற பஸ்ஸு கிருஷ்ணன்கோவில் ஊரு வர்ற வரைக்கும் அவகூடப் பேசல.

மறுநாள் சனிக்கிழமை. ஆபரேஷன் நடக்கலன்னு சொல்றதுக்காக ஹோட்டலுக்குப் போனேன். அண்ணாச்சி அப்பத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலை பெருமாளைக் கும்பிட்டுட்டு நாமத்தோட கல்லாவுல உட்கார்ந்திருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் யோசிச்சுட்டுக் கேட்டார்.

"ஏலே சாமுவேல், எங்கம்மாவுக்கு முட்டுல போட்ட ஊசியை உனக்குப் போட முடியாதாலே?"

"என்ன ஊசி அண்ணாச்சி?"

"அவிய ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தி, அதுல ஒரு பகுதியை மட்டும் பிரிச்சு முட்டுக்குள்ள போட்டாங்க. ராஜபாளையத்துலதான், ஒரு டாக்டரம்மா. இப்ப அம்மா மாடிப்படி ஏறாதீங்கன்னாக் கேக்க மாட்டேங்காவ."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்கலே கேட்ட? மதுரையில தேதி குடுத்தாச்சுன்னு வந்து லீவுல்லா கேட்ட!"

அந்த டாக்டரம்மா இருக்கிற இடம் எங்க வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளி. நாலே தெரு. நான் மதுரை வரைக்கும் போய் வந்திருக்கேன்.

திங்கக்கிழமை போனேன். அவங்க ஸ்கேனைப் பார்த்தாங்க. ஒரு நாற்காலியைக் காட்டி, "உள்ளங்கை கீழ பார்க்கிற மாதிரி பிடிச்சுத் தூக்குங்க" அப்படின்னாங்க. நாற்காலி அசையல, நான்தான் துடிச்சேன். பொறவு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. நம்ம ரத்தத்துலயே காயத்தை ஆத்துற சின்னச் சின்ன அணுக்கள் இருக்காம். அதைத் திரட்டி, கிழிஞ்ச இடத்துல கொண்டுபோய் விட்டா, உடம்பே அந்த இடத்தைச் சரிபண்ணப் பார்க்குமாம்.

"முழுசா அறுந்திருந்தா நானும் ஆபரேஷன்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கொஞ்சந்தான் கிழிஞ்சிருக்கு, முயற்சி பண்ணலாம். எல்லாருக்கும் இது கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேக்கலைன்னா ஆபரேஷன் எங்கயும் ஓடிப்போயிராது" அப்படின்னாங்க. பொய் சொல்லாத அந்தப் பேச்சு எனக்குப் பிடிச்சுப் போச்சு.

ஆனா ரெண்டு கண்டிசன். ஒண்ணு, சர்க்கரை குறையணும். ரெண்டாவது, ஊசிக்கு முன்னாடியும் பின்னாடியும் வலி மாத்திரை போடக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டுல முதல்ல நிறுத்தச் சொன்னது என்னன்னு நினைக்கீங்க? புரோட்டாதான்! எஸ்தர் கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சிரிச்சா. காலையில சஞ்சீவி மலை பக்கமா நடந்தேன். நடக்கும்போது ஜெபம் பண்ணப் பழகினேன்.

கார்த்திகை மாசம் ஊசி போட்டாங்க. கையில இருந்து ரத்தம் எடுத்து மிஷின்ல சுத்தினாங்க. மஞ்சளா, தெளிவா, கொஞ்சூண்டு வந்துச்சு. இதுதானான்னு நினைச்சேன். ஊசி முழங்கைக்குள்ள இறங்கினதும் "அம்மாடி!" ன்னு கத்தினேன். வெளியே வந்தா, நான் கத்தினதைக் கேட்டுக்கிட்டு வரிசையில இருந்த ஒரு பெரியவர் என் மீசையைப் பார்த்துட்டு, "தம்பி, நீங்க மிலிட்டரியா?" அப்படின்னு கேட்டார். இல்லைங்கய்யா, புரோட்டான்னு சொல்லிட்டு வந்தேன்.

முதல் வாரம் வலி முன்னைவிட ஜாஸ்தி. மாத்திரையும் கிடையாது. எஸ்தர்தான் ஊட்டிவிட்டா. மூணாவது வாரமும் பெருசா மாத்தம் இல்ல. விசுவாசம் ஏறிச்சு, இறங்கிச்சு. டாக்டரம்மா சொன்ன பயிற்சியை மட்டும் விடல. பந்தை அமுக்கினேன், அரை லிட்டர் தண்ணி பாட்டிலை மெதுவாத் தூக்கி இறக்கினேன்.

தை மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு இந்த வாசல்லதான் நின்னேன். நம்ம போதகர் வந்து, என் கைவலி நினைப்பு இல்லாம வலது கையைப் பிடிச்சு இறுக்கிக் குலுக்கிட்டார். நான் கண்ணை மூடிக்கிட்டேன். வலி வரும்னு காத்திருந்தேன். வரல. "ஐயா, இன்னொரு தடவை குலுக்குங்க" அப்படின்னேன். அவர் குலுக்கினார். வரல! அன்னைக்கு உங்கள்ல எத்தனை பேரு கையைப் பிடிச்சு நான் குலுக்கினேன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சில பேரு எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு எஸ்தர்கிட்ட விசாரிச்சீங்க.

மாசியில டாக்டரம்மா மெதுவா வேலை ஆரம்பிக்கச் சொன்னாங்க. அண்ணாச்சி மாவு பிசையிறதுக்கு ஒரு மிஷின் வாங்கி வச்சிருந்தார். முதல் உருண்டையைத் தட்டி, எண்ணெய் தொட்டு, வீசினேன். அது காத்துல விரிஞ்சு பலகையில படிஞ்சுச்சு. கை ஒண்ணும் சொல்லல.

"பெருமாள் குடுத்த கைலே!" ன்னு அண்ணாச்சி கத்தினார்.

"இயேசு குடுத்த கை அண்ணாச்சி."

"சரிலே, அதைப் பொறவு பேசிக்கிடலாம். நாலாம் டேபிள்ல ஆளு காத்துக்கிட்டு இருக்கு, போடு!"

இப்ப எனக்கு ஒரு விசயம் நல்லாப் புரியுது. தள்ளிப்போனதுன்னு நான் அழுத நாள்தான் என் ஜெபத்துக்குப் பதில் வந்த நாள். அன்னைக்குச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கலைன்னா, கை மட்டுமில்ல, காலு, கண்ணு எல்லாம் போயிருக்கலாம். நான் ஒண்ணு கேட்டேன், அவர் ரெண்டு செஞ்சார். இப்போ தினமும் காலையில நடக்கேன், ஜெபம் பண்றேன், புரோட்டாவை வீசுறதோட சரி, வாயில வைக்கிறது இல்ல.

இன்னொண்ணையும் சொல்லணும். ஆபரேஷனே தப்புன்னு யாரும் இங்கருந்து எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க. எஸ்தரோட தம்பிக்குத் தோள்ல தசைநார் முழுசா அறுந்து போச்சு. அதே டாக்டரம்மா ஆபரேஷனுக்குத்தான் அனுப்பினாங்க. இன்னைக்கு நல்லா இருக்கான். ஊசியோ கத்தியோ, எது நமக்கு வேணும்னு தெரிஞ்சவர் அவர். நாம கேக்கணும், விசாரிக்கணும், காத்திருக்கணும். நடுவுல என்னை மாதிரி சண்டை போட்டாலும் அவர் கோவிச்சுக்கிட மாட்டார்.

கை வலி, முட்டு வலியோட இங்க உட்கார்ந்திருக்கிறவங்க ஆராதனை முடிஞ்சதும் என்கிட்ட வாங்க. சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். டாக்டர்கிட்டப் போகப் பயமா இருந்தாச் சொல்லுங்க, நான் கூட வாரேன். திங்கக்கிழமை எனக்கு லீவுதான்.