தையல்கடைங்க, சொல்லுங்க

அவளை எல்லாரும் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கிழிந்த உதடும் இடுப்பில் ஒரு மகளுமாக இந்தக் காப்பகத்துக்கு வந்தவள். புருஷன் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்காக ஏழு கட்டில் போட்ட வீடு அது. வந்தவள் போன் மேஜையில் வேலைக்கு உட்கார்ந்தாள். மகளையும் அந்தச் சம்பளத்திலேயே படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

மணி அடித்தால், "தையல்கடைங்க, சொல்லுங்க" என்பாள். காப்பகத்தின் பெயர் வாயில் வராது. எவனாவது மனைவியின் போனை நோண்டி, இது யார் நம்பர் என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பான். தையல்கடை என்றதும் வாய் திறக்காமல் வைத்துவிடுவான். பெண்களுக்கும் அதே பேச்சுதான். சட்டை தைச்சாச்சா என்றால், கட்டில் காலியா என்று கேட்கிறார்கள்.

இந்த இடத்துக்குத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து நாலு மேற்படிப்புப் பிள்ளைகள் வந்தார்கள். அரசுக் கொள்கை படிப்பவர்கள். தொண்டு நிறுவனங்களுக்குச் சம்பளமில்லாமல் ஆலோசனை சொல்வார்களாம். நல்ல பிள்ளைகள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதில் கண்ணாடி போட்ட ஒருத்தி மூன்று வாரம் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு போனையும் குறித்தாள்.

"அக்கா, நூறு போன்ல முப்பத்தொண்ணு பேசாமலே வச்சுடறாங்க. தையல்கடைன்னதும் தப்பான நம்பர்னு நெனச்சுக்கறாங்க. உதவி கேக்கறவங்களை நாமளே வெரட்டறோம்க்கா."

"அடி பைத்தியமே, அது பொம்பளைங்க இல்லடி. அவங்க புருஷனுங்க."

"பேசவே இல்லையே, எப்படித் தெரியும்?"

"மூச்சுலயே தெரியும்."

"மூச்சுன்னு அறிக்கையில எழுத முடியாதேக்கா."

எட்டாவதோடு நின்றவளுக்குச் சுருக்கென்றது. காகிதம்தானே, எழுதிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

அப்போது அஞ்சு மாசமாகப் போன் போடுகிற ஒருத்தி இருந்தாள். "பச்சைச் சட்டை தைச்சாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள், பின்னால் ஒரு குழந்தை சிணுங்கும். அக்கா அவளுக்குப் பச்சைச்சட்டை என்றே பெயர் வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை, அந்தப் பெண் தைரியம் வந்து, "வியாழக்கிழமை வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே கட்டிலுக்குப் புது விரிப்பு எடுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதிவுக் குரல் மாட்ட ஆள் வந்தான். தையல்கடை என்பதை விட்டுவிட்டு மையத்தின் பெயரைச் சொல்லச் சொன்ன பிள்ளைகளின் அறிக்கை நிர்வாகக் குழுவுக்கு அப்படிப் பிடித்துப்போயிருந்தது. இனி யார் கூப்பிட்டாலும், "துன்பப்படும் பெண்களுக்கான உதவி மையம்" என்று ஒரு குரல் தேனொழுகச் சொல்லும், பிறகுதான் அக்காவிடம் வரும்.

"சார், வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க சார். ஒரு பொண்ணு வரணும்" என்று காப்பகத்தின் செயலாளரிடம் கெஞ்சினாள்.

"படிச்ச பிள்ளைங்க சும்மாவா சொல்லும்? போம்மா" என்று வாயை அடைத்துவிட்டார் மனுஷன்.

புதன்கிழமை மத்தியானம் மணி அடித்தது. பச்சைச்சட்டையின் நம்பர். குரல் தன் பாட்டைப் பாடி முடித்தது.

"ஓஹோ, இதுதான் உங்க தையல்கடையா?" என்றான் ஒருத்தன். பின்னால் குழந்தை வீறிட்டது. போன் அறுந்தது.

நாமாகக் கூப்பிடக் கூடாது என்ற விதியை அக்கா அன்றைக்கு முதல் தடவையாக மீறினாள். பச்சைச்சட்டையின் போன் அணைந்து கிடந்தது. வியாழக்கிழமை பொழுது சாயும்வரை வாசலில் நின்றாள். யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த கண்ணாடிப் பெண்ணுக்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போனது. இரண்டு பேரும் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள்.

"பேரு?" என்றார் ஏட்டு.

"தெரியாதுங்க."

"வீடு? புருஷன் பேராவது?"

"தெரியாது சார். கேக்கறதில்ல. கேட்டா பயந்துடுவாங்க."

"நம்பரை மட்டும் வச்சு ஒருத்தன் வீட்டுல போய் நிக்க முடியாதும்மா. புகார் வேணும். அதை அந்தப் பொண்ணு வந்து குடுக்கட்டும்."

வெளியே வந்ததும் கண்ணாடிப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "நான்தானேக்கா எழுதினேன்..."

அக்காவுக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"நீ எழுதினே, நான் விட்டுட்டேன். அழுதது போதும், வா. செயலாளர் நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொன்னா கேப்பாரு. அந்தக் குரலை இன்னிக்கே கழட்டச் சொல்லு. இன்னும் நாலு பொண்ணுங்க போன் போடுவாளுங்க."