வாள் முறிந்த சத்தம்

ஸ்டீபனின் வலக்கண்ணைப் பறித்தவன் நான். விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். அது பொய். என் வாள் முறிந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பாய்ந்தேன்!

எழுபதுகளில் தாம்பரத்துக் கல்லூரி மாணவனுக்கு ஏது வாள் என்று கேட்பீர்கள். எங்கள் கல்லூரியில் வாள்வீச்சுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. மாலையில் வெள்ளைச் சட்டையும் கம்பிவலை முகமூடியும் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் குத்திக்கொள்வோம். குத்து பட்டவனே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. வாளின் முனை மழுங்கியது, காயம் படாது. ஆனால் முறிந்துவிட்டால் மிஞ்சுவது ஈட்டி. முறிந்தவுடன் கீழே போட்டுவிட வேண்டும் என்பது சேர்ந்த அன்றே சொல்லித் தருகிற பாடம்.

நான் முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வந்து போகிற விவசாயி மகன். அந்த வெள்ளைச் சட்டைமேல் எனக்கு அப்படியொரு வெறி! சேர்ந்த நாள் முதல் குத்து வாங்கினேனே தவிர, ஒருவரையும் என்னால் தொட முடியவில்லை. "மாடு ஓட்டற கைக்கு வாள் எதுக்கு மச்சான்?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்... உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

அரையாண்டு விடுமுறைக்குள் மூத்த மாணவர் ஒருவரையாவது தொடாத புதியவனை நீக்கிவிடுவது சங்கத்தின் வழக்கம். கடைசிப் பயிற்சி நாளன்று என்னோடு ஆட எவருக்கும் மனமில்லை. ஸ்டீபன்தான் எழுந்து வந்தார். சேலையூர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. விமானம் ஓட்டப் போகிறேன் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது. விமானப்படைத் தேர்வெல்லாம் முடிந்து உத்தரவுக்காகக் காத்திருந்தார். தன்னுடைய புது முகமூடியை எனக்குக் கொடுத்துவிட்டு, சங்கத்தின் துருப்பிடித்த முகமூடியை அவர் மாட்டிக்கொண்டார். நல்லதைப் புதியவனுக்குத் தருவது மூத்தவன் கடமையாம்.

ஆடினோம். வழக்கம்போல என் வாளைத் தட்டித் தட்டி விலக்கினார். வாளோடு வாள் மோதியதில் 'டிக்'கென்று ஒரு சத்தம். என் கை சட்டென்று லேசாகிவிட்டது. முறிந்துவிட்டது என்று அப்போதே உணர்ந்தேன். போட்டிருக்க வேண்டும்... ஆனால் அவர் மார்பு திறந்து கிடந்தது, முதல்முறையாக! இதை விட்டால் நான் மறுபடியும் மாடு ஓட்டுகிறவன்தானே?

மார்பைத்தான் குறிவைத்தேன், நம்புங்கள். அவர் தடுமாறிக் குனிந்தார். துருப்பிடித்த வலை கிழிந்தது.

விழும்போது அவர் இடக்கையைத் தூக்கினார். குத்து பட்டுவிட்டது என்று எனக்காக ஒப்புக்கொண்டார்... ஐயோ, அந்தக் கை!

"முறிஞ்சது தெரியல சார்," என்று சங்கத்தை நடத்திய பேராசிரியரிடம் அழுதேன். அழுகை உண்மை, சொன்னது பொய். ஆஸ்பத்திரியில் ஸ்டீபனின் அப்பா என் முதுகைத் தடவி, புதுப்பையன் நீ என்ன செய்வாய் என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? படிப்பு போய்விடும் என்ற பயமா? இல்லை, அந்தத் தடவல் சுகமாக இருந்ததா?

விமானப்படை உத்தரவு வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார்.

சில வருடம் கழித்து, தாம்பரம் ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை, கல்யாணம் என்று ஏதேதோ விசாரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஏழுமலை, ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. உனக்கு ஒரு குத்தாவது கிடைக்கட்டும்னு அன்னிக்கு நான்தான் கையை எறக்கினேன். உன் வாள் ஒடைஞ்ச சத்தமும் எனக்குக் கேட்டுது. புதுசா வந்தவன், உனக்கு எப்படித் தெரியும்? நான் நிறுத்துன்னு கத்தியிருக்கணும், கத்தல. என் தப்புக்கு நீ பழி சுமந்துட்ட. என்னை மன்னிச்சுடுடா."

வாயைத் திறந்தேன். ரயில் வந்துகொண்டிருந்தது. மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, விடுங்கண்ணா," என்றேன்.

ஆம்... நான் அவரை மன்னித்தேன்.